கனடாவில் சட்டத்தரணிகளுக்கான பூர்வகுடிப் பயிற்சி: பாடத்தை முடித்தால் போதுமா?

கொழும்பில் சட்டம் படித்து, வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களுக்கான என்சிஏ தேர்வுகளை முடித்து, அல்பேர்ட்டாவில் உரிமம் பெறும் கட்டத்தில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பூர்வகுடிகள் பற்றி ஒரு கட்டாயப் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். நான் செய்யப்போவது வீட்டுப் பத்திரம், குடிவரவு, உயில். இது எனக்கு எதற்கு? பாடத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கினால் போதுமா?”

போதாது. ஆனால் பாடத்தை எடுக்கத்தான் வேண்டும். இதை மரியாதைப் பயிற்சி என்று நினைத்தால் நேரம் வீண். தொழில் திறன் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் கட்சிக்காரருக்குச் சிறை நாட்கள் குறையலாம், பிள்ளை வீட்டுக்குத் திரும்பலாம், எழுதிய உயில் செல்லுபடியாகலாம். வீட்டுப் பத்திரமும் குடிவரவும் செய்பவருக்கும் இதில் வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தக் கடமை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2008 இல் தொடங்கியது. “நல்லிணக்கம்” என்ற சொல் ஈழத் தமிழர் காதில் வேறு மாதிரி விழும். அரசு தன்னைத் தானே விசாரித்துக்கொண்ட ஒரு நினைவு வரும். இங்கே கதை அப்படித் தொடங்கவில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, அவர்கள் மொழியையும் பண்பாட்டையும் மறக்கச் செய்ய அரசும் தேவாலயங்களும் நடத்திய வதிவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டு உயிர் தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். அந்தக் கூட்டு வழக்குகள் 2006 இல் ஒரு சமரச ஒப்பந்தத்தில் முடிந்தன. ஆணைக்குழு அமைக்கவேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை. அதற்கென 60 மில்லியன் டொலரும் அதிலேயே ஒதுக்கப்பட்டது. அதாவது அது அரசின் கொடை அன்று, பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் வென்றெடுத்தது. தலைவராக இருந்தவர் மறே சின்க்ளேர், மனிட்டோபாவின் முதல் பூர்வகுடி நீதிபதி. சுமார் 150,000 பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள். 6,500க்கும் மேற்பட்டவர்களிடம் ஆணைக்குழு சாட்சியம் கேட்டது. 2015 ஜூனில் 94 செயலழைப்புகளை வெளியிட்டது.

அதில் 27ஆவது நேரே நமக்கானது. சட்டத்தரணிகளுக்கு உரிமம் வழங்கும் மாகாணச் சட்டச் சங்கங்களின் கூட்டமைப்பை நோக்கி, வதிவிடப் பள்ளிகளின் வரலாறும் அதன் தொடர் விளைவும், பூர்வகுடிகள் உரிமை பற்றிய ஐநா பிரகடனம், உடன்படிக்கைகள், பூர்வகுடிகளின் சொந்தச் சட்டங்கள், முடியரசுக்கும் (அதாவது கனடா அரசுக்கும்) அவர்களுக்கும் உள்ள உறவு ஆகியவற்றில் சட்டத்தரணிகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. அதோடு நிற்காமல், பண்பாடு கடந்து பேசுதல், பிணக்குத் தீர்த்தல், மனித உரிமை, இனவாத எதிர்ப்பு ஆகியவற்றில் கைத்திறன் பயிற்சியும் கேட்கிறது. 28ஆவது இதையே சட்டக் கல்லூரிகளிடம் கேட்கிறது. பெரும்பாலான பாடங்கள் முதல் பாதியை நன்றாகச் செய்கின்றன. இரண்டாம் பாதியான கைத்திறன் திரையில் பொத்தானை அழுத்தி வருவதில்லை. இந்தப் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

ஏன் குறிப்பாகச் சட்டத்தரணிகள்?

ஏனென்றால் இந்தக் கதையில் சட்டத்தொழில் வெளியே நின்று பார்த்த பார்வையாளர் இல்லை. 1876 இந்தியர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெறும், அல்லது சட்டத்தரணியாகச் சேரும் ஒரு “இந்தியர்” அந்தக் கணமே சட்டப்படி இந்தியர் என்ற நிலையை இழந்தார். சட்டம் படிக்க வேண்டுமானால் சொந்தச் சமூகத்தை விட்டுவிட வேண்டும். 1880 இல் இது தானாக நிகழ்வது நிறுத்தப்பட்டாலும், சட்டத்தின் நோக்கம் என்ன என்பது எழுத்தில் நிற்கிறது. 1927 இல் இன்னொரு பிரிவு சேர்ந்தது: நில உரிமைக் கோரிக்கைக்காக அரசின் அனுமதியின்றிப் பணம் திரட்டுவதோ பெறுவதோ குற்றம். நடைமுறையில் இதன் பொருள், வழக்குப் பேச ஒரு சட்டத்தரணியை அமர்த்த முடியாது என்பதே. 24 ஆண்டுகள், 1951 வரை, அந்தப் பிரிவு இருந்தது. அந்தக் காலத்தில் எழுந்து நின்று “இது எங்கள் தொழிலுக்கே இழுக்கு” என்று சட்டச் சங்கங்கள் சொன்னதாக வரலாறு இல்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாண வாக்காளர் பட்டியலில் இடம்பெறத் தகுதியில்லாதவர் சட்டத்தரணியாகச் சேர முடியாது என்ற விதி இருந்தது. பூர்வகுடிகள், சீனர், ஜப்பானியர் ஆகியோருடன் தெற்காசியர்களும் அதனால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். தெற்காசியருக்கு அங்கே வாக்குரிமை 1947 இல்தான் வந்தது, பூர்வகுடிகளுக்கு 1949. இன்று வன்கூவரில் அலுவலகம் வைத்திருக்கும் தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர் அன்று அந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. நோவா ஸ்கோஷியாவில் டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக் பூர்வகுடி இளைஞர் 1971 இல், 17 வயதில், செய்யாத கொலைக்குத் தண்டிக்கப்பட்டார். 11 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1983 இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. 1989 அரச விசாரணைக்குழு பொலிஸாரையும் அரச தரப்பையும் மட்டும் குறை சொல்லவில்லை. அவருடைய சொந்தச் சட்டத்தரணிகள் சுயமாக எந்த விசாரணையும் செய்யவில்லை, அரச தரப்புச் சாட்சிகளைச் சந்திக்கவில்லை என்றும் எழுதியது. இன்னும் அண்மையது, வதிவிடப் பள்ளி வன்கொடுமைக்கான இழப்பீட்டு நடைமுறை. 38,276 கோரிக்கைகள், 3 பில்லியனுக்கும் மேற்பட்ட டொலர். ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒருவர் தன் சிறுவயதில் நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. பல சட்டத்தரணிகள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான கோரிக்கைகளைக் குவித்துவைத்திருந்த கல்கரிச் சட்ட அலுவலகம் ஒன்றை 2012 இல் பிரிட்டிஷ் கொலம்பியா உயர் நீதிமன்றம் அந்த நடைமுறையிலிருந்தே விலக்க நேர்ந்தது. இழப்பீட்டை முன்வைத்துக் கட்சிக்காரர்களுக்கு வட்டிக்கடன் ஏற்பாடு செய்ததும் அங்கே வெளிவந்த விடயங்களில் ஒன்று. 27ஆவது அழைப்பு சட்டத்தொழிலை நோக்கி வந்ததன் பின்னணி இதுதான்.

மாகாணத்துக்கு மாகாணம்

அல்பேர்ட்டாவில் “தி பாத்” என்ற இணையப் பாடம் 2021 ஏப்ரலில் கட்டாயமாக்கப்பட்டது. தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். சுமார் ஐந்து மணி நேரம். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். சமமான கல்வி ஏற்கெனவே பெற்றவர்கள் அதை உறுதிப்படுத்தி விலக்குப் பெற வழி உண்டு. முடிக்காவிட்டால் உரிமம் நிர்வாக ரீதியாக இடைநிறுத்தப்படும் என்று விதித்தார்கள். 2023 பெப்ரவரியில் 51 சட்டத்தரணிகளின் மனுவால் ஒரு சிறப்புக் கூட்டம் நடந்தது. சங்கத்துக்கு இப்படிக் கட்டாயப் பாடம் விதிக்கும் அதிகாரமே இருக்கக்கூடாது என்பது மனுவின் சாரம். 864 பேர் ஆதரித்தார்கள், 2,609 பேர் எதிர்த்தார்கள். அதிகாரம் அப்படியே நின்றது. கட்டாயப்படுத்தினால் மனம் மாறுமா என்ற அவர்களின் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கட்சிக்காரரின் பணத்தை வைக்கும் நம்பிக்கைக் கணக்கு விதிகளையும் நாம் மனம் மாறிக் கற்றுக்கொள்வதில்லை. கட்சிக்காரருக்குத் தீங்கு வரக்கூடாது என்பதற்காகக் கற்கிறோம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் சட்டச் சங்கமே தயாரித்த ஆறு மணி நேர இலவசப் பாடம் 2022 ஜனவரியில் வந்தது. முடிக்க இரண்டு ஆண்டுகள். மனிட்டோபாவும் “தி பாத்” பாடத்தையே எடுத்துக்கொண்டது. ஒன்ராறியோவில் வருடத்துக்கு 12 மணி நேரத் தொடர்கல்விக்குள் இதை எண்ணிக்கொள்ளலாம். அங்கே 2018 இல் சட்டச் சங்கம், அட்வகேட்ஸ் சொசைட்டி, பூர்வகுடிச் சட்டத்தரணிகள் சங்கம் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி நூல் இலவசமாகக் கிடைக்கிறது. வேறு மாகாணத்தில் இருப்பவரும் அதைப் படிக்கலாம்; எந்த இணையப் பாடத்தையும்விட அது தொழிலுக்கு நெருக்கமானது.

என்சிஏ எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அரசியலமைப்புச் சட்டத் தாளில் பூர்வகுடி உரிமைகளை ஏற்கும் 35ஆவது பிரிவு வரும். ஸ்பாரோ, வான் டெர் பீட், ஹைடா என்று வழக்குகளை மனப்பாடம் செய்து எழுதிவிடுவீர்கள். அது பூர்வகுடிகளைப் பற்றி கனடா அரசின் சட்டம் சொல்வது. பூர்வகுடிகளின் சொந்தச் சட்டம் வேறு: க்ரீ சட்டம், அனிஷினாபே சட்டம், கிட்க்சான் சட்டம். நிலம் யாருக்கு, பிள்ளையை யார் வளர்ப்பது, தவறு செய்தவர் எப்படி ஈடுசெய்வது என்பதற்கெல்லாம் ஐரோப்பியர் வருமுன்பே முறை இருந்தது, இன்றும் பல இடங்களில் நடக்கிறது. விக்டோரியா பல்கலைக்கழகம் 2018 இலிருந்து இரண்டையும் சேர்த்தே பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. தேர்வில் இரண்டையும் குழப்பினால் மதிப்பெண் போகும். தொழிலில் குழப்பினால் அதற்குமேல் போகும்.

சொற்கள்

நமக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். தமிழ்ப் பாடநூல்களில் “செவ்விந்தியர்” என்று படித்து வளர்ந்திருக்கிறோம். தோலின் நிறத்தை வைத்து அழைக்கும் அந்தச் சொல்லை வீட்டுப் பேச்சிலும் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் காதில் விழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும். “ஆதிவாசி”, “பழங்குடி” என்றால் நம் மனத்தில் வேறு நாட்டுக் காடும் மலையும் வந்துவிடுகிறது. பொதுவாகச் சொல்ல “பூர்வகுடிகள்” சரியாக இருக்கிறது. அதற்குள் சட்டம் ஏற்கும் பிரிவு மூன்று: ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், மேட்டி (பூர்வகுடி–ஐரோப்பியக் கலப்பில் உருவான தனிச் சமூகம்), இனுயிட் (வடதுருவப் பகுதியினர்). இனுயிட் என்பதே பன்மை. ஒருவர் என்றால் இனுக். “இந்தியர்” என்பது சட்டத்தின் பெயரிலும் பதிவு நிலையிலும் மட்டும் வரட்டும். முடிந்தவரை அவர்கள் தம் நாட்டுக்கு வைத்திருக்கும் பெயரையே கேட்டுச் சொல்லுங்கள். “இலங்கையர்” என்று ஒருவர் நம்மை மொத்தமாகச் சொல்லும்போது நமக்கு ஏற்படும் நெருடலை நினைத்தால் காரணம் விளங்கும்.

குற்றவியல் வழக்கில்

2021 குடிசன மதிப்பீட்டின்படி பூர்வகுடிகள் மக்கள்தொகையில் 5 விழுக்காடு. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டாட்சிச் சிறைகளில் அவர்கள் 32 விழுக்காடு. பெண் கைதிகளில் ஏறத்தாழப் பாதி. குற்றவியல் கோவையின் 718.2(இ) பிரிவு 1996 இல் வந்ததும், உச்ச நீதிமன்றம் 1999 இல் கிளாடூ வழக்கிலும் 2012 இல் இபீலி வழக்கிலும் அதை விளக்கியதும் இந்த நிலைமைக்காகத்தான். தண்டனை விதிக்கும் நீதிபதி, பூர்வகுடியினரான ஒருவரின் சூழ்நிலையை, அவர் சமூகத்துக்கு நேர்ந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தே தீரவேண்டும். சிறைக்கு மாற்று உண்டா என்று தேடவேண்டும்.

இதில் நடக்கும் முதல் தவறு, கேட்காமல் விடுவது. முகத்தையோ பெயரையோ பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். சுருள்முடி, பிரெஞ்சுப் பெயர், ரொறன்ரோப் பேச்சு உள்ள ஒருவர் மேட்டியாக இருக்கலாம். தத்துக் கொடுக்கப்பட்டு வெள்ளையர் வீட்டில் வளர்ந்தவராக இருக்கலாம். ஆகவே கோப்புத் திறக்கும் படிவத்திலேயே கேள்வியை வைத்து, எல்லாக் கட்சிக்காரர்களிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள்: “இதை எல்லோரிடமும் கேட்கிறேன். நீங்கள் ஃபர்ஸ்ட் நேஷன், மேட்டி, இனுயிட் சமூகத்தைச் சேர்ந்தவரா? ஆம் என்றால் பிணையிலும் தண்டனையிலும் சட்டம் சிலவற்றைக் கவனிக்கச் சொல்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.” காரணத்தைச் சொல்லாமல் கேட்டால் “இல்லை” என்ற பதில் வரும். பூர்வகுடி என்று எழுதிக்கொடுத்த படிவங்களால் அந்தக் குடும்பங்களுக்கு நன்மை நடந்த வரலாறு குறைவு. ஸ்டேட்டஸ் அட்டை (இந்தியர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதைக் காட்டும் அட்டை) வேண்டும் என்று கேட்காதீர்கள். அட்டை இல்லாதவருக்கும், ரிசர்வுக்கு (ஃபர்ஸ்ட் நேஷனுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு) வெளியே நகரத்தில் வாழ்பவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும்.

இரண்டாவது தவறு, முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் தோண்டுவது. தாத்தா பாட்டி வதிவிடப் பள்ளிக்குப் போனார்களா, குழந்தையில் அரச பராமரிப்பில் இருந்தாரா என்ற அளவில் நிறுத்துங்கள். விவரம் கிளாடூ அறிக்கை (அந்த வழக்கின் பெயரில், தண்டனைக்கு முன் அவர் வாழ்க்கைச் சூழலை நீதிபதிக்கு விளக்கும் அறிக்கை) எழுதுபவரின் வேலை. அவருக்கு அதற்கான பயிற்சி இருக்கிறது. அந்த அறிக்கையில் குடும்பத்தினர் சொன்னதும் வரும், திறந்த நீதிமன்றத்தில் அது பேசப்படலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெறுங்கள். சம்மதிக்காவிட்டால் அதுவும் அவர் உரிமை. விளக்கியதையும் அவர் சொன்னதையும் கோப்பில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது தவறு, தாமதம். அறிக்கை தயாராகப் பல வாரங்கள் எடுக்கும். காவலில் இருப்பவருக்கு அந்த வாரங்கள் சிறையில் கழியும். ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் எண்ணம் தெரிந்ததுமே யார் எழுதுவார்கள் என்று விசாரியுங்கள். ரொறன்ரோவில் அபொரிஜினல் லீகல் சேர்விசஸ் இதைச் செய்கிறது. பழைய நகர மண்டபத்தில் நாட்டின் முதல் கிளாடூ நீதிமன்றம் 2001 இல் தொடங்கக் காரணமானவர்களும் அவர்கள்தான். நன்னடத்தை அதிகாரியின் தண்டனைக்கு முந்திய அறிக்கையைக் கிளாடூ அறிக்கைக்குப் பதிலாக ஏற்காதீர்கள். வேலையின்மை, நிலையற்ற வீடு, குடும்பத்தில் குடிப்பழக்கம் ஆகிய அதே விடயங்கள் முந்தியதில் “ஆபத்து” என்று கணக்கிடப்படும். பிந்தியதில் அவை எங்கிருந்து வந்தன, எதனால் சரியாகும் என்று எழுதப்படும். ஒரே வாழ்க்கையிலிருந்து எதிரெதிரான இரண்டு முடிவுகள்.

“பூர்வகுடி என்றால் தண்டனைத் தள்ளுபடி” என்று சிலர் பேசுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதேபோல, பாட்டி வதிவிடப் பள்ளிக்குப் போனதால்தான் இவர் திருடினார் என்று காரண–காரியமாக நிரூபிக்கவும் தேவையில்லை. இபீலி தீர்ப்பு அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னமும் அரச தரப்பு அப்படிக் கேட்டால் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருங்கள்.

பிணையில் இன்னும் அதிகமாகப் பிழைக்கிறது. 493.2 பிரிவு 2019 இலிருந்து பிணையிலும் இந்தச் சூழ்நிலையைக் கவனிக்கச் சொல்கிறது. ஆனால் வடக்கு ஒன்ராறியோவின் விமானம் மட்டுமே போகும் ஊர்களில், நீதிபதியும் அரச தரப்பும் கடமைச் சட்டத்தரணியும் (சட்டத்தரணி இல்லாதவருக்காக அன்று நீதிமன்றத்தில் நிற்பவர்) ஒரே காலையில் வந்திறங்கி, கட்சிக்காரரை அன்றுதான் முதல் முறை சந்திக்கிறார்கள். அந்த அவசரத்தில் “மது அருந்தக்கூடாது”, “முறைப்பாட்டாளரின் வீட்டுக்கு 500 மீற்றருக்குள் போகக்கூடாது” என்று வழக்கமான நிபந்தனைகள் எழுதப்படும். ஒரே ஒரு தெருவும் ஒரே ஒரு கடையும் உள்ள ஊரில் 500 மீற்றர் என்றால் ஊரைவிட்டே போ என்று பொருள். மதுவுக்கு அடிமையான ஒருவருக்கு மது கூடாது என்றால் இன்னொரு குற்றப்பத்திரிகையை இன்றே எழுதி வைப்பதற்குச் சமம். 2020 இல் ஸோரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு நிபந்தனையும் அந்த ஆளுக்கும் அந்த ஆபத்துக்கும் தேவையானதாக இருக்கவேண்டும் என்றது. ஊரின் வரைபடத்தைத் தொலைபேசியில் திறந்து நீதிபதிக்குக் காட்டுங்கள். அதைவிடச் சுருக்கமான வாதம் இல்லை.

பேச்சு பற்றி. கேள்வி கேட்டதும் வரும் மௌனத்தை மறுப்பு என்று எடுக்காதீர்கள். நீங்களே பதிலை எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம். பத்து எண்ணும்வரை காத்திருங்கள். கண்ணைப் பார்த்துப் பேசாததைப் பொய்க்கு அடையாளமாக வாசிக்காதீர்கள். பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவதன் பொருள் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மனிட்டோபாவின் 1991 நீதி விசாரணை அறிக்கை இன்னொன்றைச் சுட்டியது: க்ரீ, ஓஜிப்வே போன்ற மொழிகளில் “குற்றவாளி” என்ற கருத்துக்கு நேர்ச்சொல் இல்லை. தான் அடித்தது உண்மையென்றால் “குற்றவாளி அல்ல” என்று சொல்வது பொய் சொல்வதாகவே சிலருக்குப் படுகிறது. தற்காப்புக்காக அடித்தவரும் ஒப்புக்கொண்டுவிடுவார். எனவே “குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா” என்று தொடங்காமல், என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டபின், அந்தச் சொல் நீதிமன்றத்தில் எதைக் குறிக்கும் என்று விளக்குங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் உறவினரை அமர்த்தாதீர்கள். தமிழ் வழக்குகளில் மருமகனை மொழிபெயர்க்க விட்டால் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர்கள்தானே நாம்.

“நான் குற்றவியல் செய்வதில்லை”

உங்கள் கேள்விக்கு நேரான பகுதி இது.

உயில். ரிசர்வில் வழமையாக வசிக்கும், பதிவு பெற்ற ஒருவரின் உயிலும் மரணச் சொத்தும் மாகாணச் சட்டத்தின் கீழ் வராது. இந்தியர் சட்டத்தின் கீழ் கூட்டாட்சி அமைச்சரின் அதிகாரத்துக்குள் வருகிறது. நீங்கள் வழக்கமான படிவத்தில் “என் வீடு என் மனைவிக்கு” என்று எழுதி, அந்த மனைவி அந்த ரிசர்வுக்குரிய பாண்டின் (சட்டம் ஏற்ற ஃபர்ஸ்ட் நேஷன் சமூகத்தின்) உறுப்பினர் இல்லையென்றால், ரிசர்வ் நிலத்திலுள்ள உரிமை அவருக்குப் போகாது. கணவன் இறந்தபின்தான் அந்தப் பெண்ணுக்கு அது தெரியவரும். எழுதிய சட்டத்தரணி மீதுதான் கோபம் திரும்பும், நியாயமாகவே.

வீடும் கடனும். ரிசர்வ் நிலத்தைச் சாதாரண ஈடு போல் வங்கி கைப்பற்ற முடியாது. இந்தியர் சட்டத்தின் 89ஆவது பிரிவு தடுக்கிறது. குத்தகைக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் குத்தகை உரிமையை ஈடு வைக்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் ரிசர்வ் ஓரத்திலுள்ள ஒரு குடியிருப்பை விற்பனைப் பத்திரம் செய்யப்போனால் சிக்கல்தான்.

விவாகரத்து. ரிசர்வ் வீட்டை மாகாணக் குடும்பச் சட்டத்தின்படி பிரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1986 இலேயே சொல்லிவிட்டது. அதற்கான கூட்டாட்சிச் சட்டம் 2013 இல்தான் வந்தது. சில ஃபர்ஸ்ட் நேஷன்கள் தமக்கென விதி இயற்றியிருக்கின்றன. முதலில் அதைக் கேட்டறியுங்கள்.

குடிவரவு. பதிவு பெற்ற இந்தியருக்கு, குடியுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கனடாவுக்குள் வந்து தங்கும் உரிமை குடிவரவுச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் உண்டு. அமெரிக்காவில் பிறந்த ஒருவர் வந்தால் அவர் பாட்டியைப் பற்றிக் கேளுங்கள். பூர்வகுடி அல்லாதவரைத் திருமணம் செய்த பெண்கள் 1985 வரை பதிவை இழந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கு இன்று பதிவு பெறும் தகுதி வந்திருக்கிறது. நாடுகடத்தல் உத்தரவை ஒரு குடும்ப மரம் நிறுத்தக்கூடும்.

பிள்ளைகள் வழக்கு எல்லாவற்றையும்விடக் கனமானது. 2021 இல் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் 53.8 விழுக்காட்டினர் பூர்வகுடிகள். அந்த வயதுப் பிள்ளைகளில் அவர்கள் பங்கு 7.7 மட்டுமே. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், வறுமையையோ வீட்டு வசதிக் குறைவையோ மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையை எடுக்கக்கூடாது என்கிறது. முக்கியமான நடவடிக்கைக்கு முன் அந்தச் சமூகத்தின் நிர்வாக அமைப்புக்கும் அறிவித்தல் கொடுக்கவேண்டும். பிள்ளையை வைக்கும் வரிசையும் சட்டத்தில் இருக்கிறது: பெற்றோர், குடும்பத்தின் வேறு வளர்ந்தவர், அதே சமூகத்தவர், வேறு பூர்வகுடிச் சமூகத்தவர், கடைசியில்தான் மற்றவர். 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று உறுதி செய்தது. பெற்றோருக்காகப் போகிறீர்கள் என்றால் முதலில் கோப்பில் தேடவேண்டியது அந்த அறிவித்தல் கடிதத்தை.

செவிவழி வரலாறு

பிரிட்டிஷ் கொலம்பியாவில் நில உரிமைக்காகப் பூர்வகுடிகள் தொடுத்த டெல்கமூக் வழக்கு விசாரணை 374 நாட்கள் நடந்தது. கிட்க்சான் மூதாட்டி மேரி ஜோன்சன் சாட்சிக் கூண்டில் நின்று தம் குலத்துக்குரிய பாடலைப் பாடவேண்டியிருந்தது. அவர்களுக்கு அது நிலத்தின் உரித்துப் பத்திரம். நீதிபதி, தமக்கு இசை கேட்கும் காது இல்லை, பாடிப் பயனில்லை என்றார். 1991 இல் அவர் வழக்கைத் தள்ளினார். 1997 இல் உச்ச நீதிமன்றம் செவிவழி வரலாற்றை எழுத்து ஆவணத்துக்கு இணையாக எடைபோடவேண்டும் என்று சொல்லி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. இந்த ஒரு காட்சியை விளங்கிக்கொண்டால் பாடத்தின் பாதி விளங்கும்: அந்த அறையில் சட்ட அறிவுக்குக் குறைவில்லை, எதிரே நிற்பது என்ன வகைச் சான்று என்று அறியும் அறிவு இல்லாமல் போனது. உடன்படிக்கைகளும் அப்படியே. 1850 ரொபின்சன் உடன்படிக்கைகளில், நிலத்தின் வருமானம் கூடினால் ஆண்டுக் கொடுப்பனவும் கூடும் என்று இருந்தது. 1875 இல் ஆளுக்கு 4 டொலர் ஆனது. அதன்பின் உயரவே இல்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடியரசு தன் வாக்கை மீறியது என்றது.

கூட்டத் தொடக்கத்தில் இது எந்தப் பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லும் நில அங்கீகார உரையை வாசிக்கச் சொன்னால் உங்கள் இடத்தின் உடன்படிக்கையைத் தேடி அறிந்து வாசியுங்கள். ரொறன்ரோவின் மையப் பகுதி, 1805 பத்திரத்தில் 250,830 ஏக்கர் 10 ஷில்லிங்குக்கு எழுதப்பட்ட நிலம். அதற்கு 2010 இல் அந்த நிலத்துக்குரிய பூர்வகுடிகளோடு 145 மில்லியன் டொலரில் அரசு தீர்வு கண்டது. நம்மவர் நிறைந்த ஸ்கார்பரோ அந்த எல்லைக்குக் கிழக்கே, 1923 வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் பரப்பில் வருகிறது. நகரம் முழுவதற்கும் ஒரே வாசகத்தை ஒப்பிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

சடங்குகளிலும் அப்படி ஒரு தவறு நடக்கிறது. அனிஷினாபே மூத்தவரிடம் அறிவுரை கேட்கப்போகும்போது சிறு பொட்டலம் புகையிலை கொடுப்பது முறை. அதே பொட்டலத்தை இனுயிட் மூத்தவரிடம் நீட்டினால் அது அவருடைய வழக்கமே இல்லை. கேட்டுவிட்டுச் செய்யுங்கள், நேரத்துக்கான கொடுப்பனவையும் மறக்காதீர்கள். ஒன்ராறியோவின் பல நீதிமன்றங்களில் கழுகு இறகைப் பிடித்து உறுதிமொழி எடுக்கலாம். கட்சிக்காரர் விரும்பினால் எழுத்தரிடம் முதல்நாளே சொல்லி வையுங்கள். இறகை நீங்கள் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

கம்லூப்ஸ் பற்றியும் சொல்லவேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பழைய வதிவிடப் பள்ளி இருந்த இடம் அது. 2021 மே மாதம், நிலத்துக்கடியைக் காட்டும் ரேடாரால் தேடியபின், அங்கே 215 பிள்ளைகளின் எச்சங்கள் என்று செய்தி வந்தது. பின்னர் ரேடார் நிபுணரே சுமார் 200 இடங்கள், புதைகுழிகளாக இருக்கக்கூடியவை என்று திருத்தினார், அகழ்வு நடக்கவில்லை. பாட நூலில் இதை எப்படி எழுதுவது என்று 2024 இல் பிரிட்டிஷ் கொலம்பியாச் சட்டத்தரணிகளிடையே தீர்மானம் ஒன்று வந்து தோற்றது. சட்டத்தரணி துல்லியமாகப் பேசவேண்டும்: ரேடார் காட்டியது ரேடார் காட்டியதுதான். அதே துல்லியத்தோடு இதையும் சொல்லவேண்டும்: வதிவிடப் பள்ளிகளில் இறந்த 4,100க்கும் மேற்பட்ட பிள்ளைகளை உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய நிலையம் ஆவணங்களைக் கொண்டு பதிவு செய்திருக்கிறது. முதல் வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறைப்பவருக்குத் துல்லியம் நோக்கமில்லை.

கடைசியாக, நமக்கென்று உள்ள ஒரு பொறி. மொழியையும் நிலத்தையும் இழந்தவர்கள் என்பதால் நமக்கு எல்லாம் புரியும் என்று தோன்றும். “எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது” என்று கட்சிக்காரரிடம் தொடங்கிவிடுவோம். அவர் தன் வழக்குக்காக வந்திருக்கிறார். உங்கள் கதையைக் கேட்டு ஆறுதல் சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ளாதீர்கள். “நாங்கள் நேற்று வந்தவர்கள், இதில் எங்களுக்கு என்ன பொறுப்பு” என்பதும் நிற்காது: 2021 ஜூன் 21க்குப் பிறகு கனடாக் குடியுரிமை எடுத்த ஒவ்வொருவரும் பூர்வகுடிகளின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்கும் அரசியலமைப்பின் பேரில் கை உயர்த்திச் சத்தியம் செய்திருக்கிறார்கள்.

பாடத்தை ஒரே இரவில் ஓட்டாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் உங்கள் அலுவலகப் படிவங்களில் ஒன்றைத் திறந்து என்ன மாறவேண்டும் என்று பாருங்கள்: கோப்புத் திறக்கும் படிவம், உயில் வினாக்கொத்து, பிணைக் குறிப்பு. வரவேற்பில் இருப்பவருக்கும் அதே கேள்விகளைப் பழக்குங்கள். கட்சிக்காரர் முதலில் பேசுவது அவரிடம்தான்.